வேர் பிடிக்கும் வரை: பூஜை மலர்ச்செடிகளைக் கிளையிலிருந்து வளர்த்தெடுக்கும் முறை

திருப்புகலூரில் அவதரித்த முருக நாயனாரின் திருத்தொண்டு மலர்த்தொண்டு. வைகறையில் எழுந்து நீராடி, அலரும் பருவத்து மலர்களைக் கொய்து, மாலையாகவும் கண்ணியாகவும் பிணையலாகவும் தொடுத்து இறைவனுக்குச் சாத்துவதையே அவர் தம் வாழ்வாகக் கொண்டிருந்தார். அவர் பறித்த மலர்களைச் சேக்கிழார் பெருமான் நால்வகையாகக் கூறுகிறார். கிளைகளில் பூப்பது கோட்டுப்பூ. கொடிகளில் பூப்பது கொடிப்பூ. தரையோடு வளரும் சிறு செடிகளில் பூப்பது நிலப்பூ. தடாகங்களில் பூப்பது நீர்ப்பூ.

பெரியபுராணத்தைப் பாராயணம் செய்வோர் இவ்வகைப்பாட்டை மலர்களின் பெருமையாக மட்டும் கருதிக் கடந்துவிடுவதுண்டு. செடி வளர்ப்பவனுக்கோ இது நாள்தோறும் பயன்படும் பகுப்பு. ஏனெனில், இந்நான்கு வகைச் செடிகளையும் பெருக்கும் முறைகள் பெரும்பாலும் இதே வரிசையில் வேறுபடுகின்றன. கோட்டுப்பூச் செடிக்குக் குச்சி, கொடிப்பூவுக்குப் பதியம், நிலப்பூவுக்கு இளந்தளிர், நீர்ப்பூவுக்குக் கிழங்கு.

இன்று நம்மில் பலர் பூவை முழம் போட்டு வாங்குகிறோம். அதில் குறையொன்றுமில்லை. ஆயினும், காலையில் தம் கையால் பறித்த ஐந்து நந்தியாவட்டைப் பூக்களைச் சுவாமி படத்திற்குச் சாத்தும்போது உண்டாகும் நிறைவு தனியானது. அதற்குத் தோட்டம் வேண்டுவதில்லை. இரண்டு மணி நேரம் இளவெயில் விழும் பால்கனியும் நான்கு தொட்டிகளும் இருந்தாலே தொடங்கலாம். செடியை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. உறவினர் வீட்டுச் செடியின் ஒரு கிளை போதும். அந்தக் கிளையை வேர் பிடிக்கச் செய்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கிளையும் விதையும் ஒன்றல்ல

விதையிலிருந்து முளைப்பது தாய்ச்செடியின் பிள்ளை. பிள்ளை தாயைப் போலவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அடுக்குச் செம்பருத்தியின் அருகே வேறு நிறச் செம்பருத்தி இருந்து, அரிதாக விதை கட்டினால், அவ்விதையில் வரும் செடி எந்த நிறத்தில் பூக்கும் என்று யாராலும் சொல்ல இயலாது. கிளையிலிருந்து வளர்வதோ பிள்ளையன்று, அதே செடிதான். அதே நிறம், அதே மணம், அதே இதழ் அடுக்கு. இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. நம் பூஜைக்கு மிக வேண்டிய செடிகள் சில பெரும்பாலும் விதை கட்டுவதே இல்லை. குண்டுமல்லி அவ்வாறானது. அடுக்கு நந்தியாவட்டையும் அவ்வாறே. வெற்றிலைக் கொடியையும் நம் கொடிக்கால்களில் விதை தூவி வளர்ப்பார் இல்லை. கணுவோடு கூடிய கொடித்துண்டை நட்டே தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை எண்ணிப் பாருங்கள். இன்று பூக்கும் ஒவ்வொரு மல்லிச்செடியும், முன்பிருந்த ஒரு செடியிலிருந்து யாரோ ஒருவர் தம் கையால் வெட்டியோ மண்ணில் பதித்தோ எடுத்தது. அந்தச் செடி அதற்கும் முந்திய ஒன்றிலிருந்து வந்தது. இடையில் ஒரு கை ஓய்ந்திருந்தாலும் நம் தொட்டிக்கு அந்தச் செடி வந்து சேர்ந்திராது.

கிளையைக் கொண்டுசென்று நடும் வழக்கம் நம் மண்ணில் மிகத் தொன்மையானது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் புத்தகயையிலிருந்து இலங்கைக்குக் கொண்டு செல்லப்பட்ட அரசமரக் கிளையின் வழி வந்ததாகப் போற்றப்படும் மரம் அநுராதபுரத்தில் இன்றும் வணங்கப்படுகிறது. நம் உழவர்கள் இக்கலைக்கு வைத்திருக்கும் சொற்களே இதன் பழமைக்குச் சான்று. முருங்கைக்குப் போத்து, கரும்புக்குக் கரணை, வாழைக்குப் பக்கக் கன்று, மல்லிக்குப் பதியம் என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு.

வரவில்லாத நாட்களின் கணக்கு

நட்ட கிளை ஏன் வாடுகிறது? இவ்வொரு வினாவுக்கு விடை தெரிந்தால் மற்ற விதிகள் யாவும் தாமே விளங்கிவிடும்.

செடியின் வேர் நீரை உறிஞ்சுகிறது. இலை நீரை ஆவியாக வெளியிடுகிறது. வேர் வரவு, இலை செலவு. கிளையை வெட்டிய கணமே வரவு நின்றுவிடுகிறது. செலவோ நிற்பதில்லை. வெட்டுவாய் வழியே கிளை சிறிதளவு நீரை இழுத்துக்கொள்ளும். ஆனால் பல இலைகளின் செலவுக்கு அது போதாது. இனித் தண்டினுள் சேமித்து வைத்த உணவையும் ஈரத்தையும் கொண்டே அது காலம் தள்ள வேண்டும். சேமிப்பு தீருமுன் வேர் வந்துவிட்டால் செடி பிழைக்கும். வேர் வருமுன் சேமிப்பு தீர்ந்துவிட்டால் கிளை காய்ந்துவிடும். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்தவனுக்கு இதைவிட எளிதாகச் சொல்லத் தெரியவில்லை. வருமானம் நின்றுபோன வீட்டில் என்ன செய்வோம்? செலவைக் குறைப்போம். கிளைக்கும் அதையே செய்ய வேண்டும்.

இலைகளைக் குறைப்பது முதல் சிக்கனம். நுனியில் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றை அகற்ற வேண்டும். விட்டுவைத்த இலை பெரியதாயின் அதிலும் பாதியைக் கத்தரித்துவிடலாம். எல்லா இலைகளையும் உருவிவிடுதல் இளந்தண்டுகளுக்கு நல்லதன்று; இலை ஓரளவு உணவும் சமைத்துத் தருகிறது. பூவும் மொட்டும் வீண் செலவு. அவற்றைக் கிள்ளிவிட வேண்டும். நிழலில் வைப்பது இரண்டாவது சிக்கனம். சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைத்திருப்பது மூன்றாவது. தொட்டிக்கு மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டினால் இலையின் செலவு வெகுவாகக் குறையும்.

வேர் எங்கிருந்து வருகிறது என்பதும் அறியத்தக்கது. தண்டின் பட்டைக்கு உட்புறத்தில் மெல்லிய பச்சைப் படலம் ஒன்றைக் காண்கிறோம் அல்லவா? அதை ஒட்டிய உயிருள்ள பகுதியிலிருந்தே புதுவேர் கிளம்புகிறது. பெரும்பாலும் கணுவை ஒட்டிய இடத்தில் அது எளிதாகத் தோன்றும். செடியின் நுனியில் உற்பத்தியாகிக் கீழ்நோக்கி இறங்கும் ஒரு வளர்ச்சிப் பொருள் உண்டென்பதை 1928-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் ஃபிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் நாற்றுகளைக் கொண்டு மெய்ப்பித்துக் காட்டினார். அதற்கு ஆக்சின் என்று பெயர். வெட்டிய கிளையின் அடியில் அது வந்து தேங்கி வேர் விடத் தூண்டுகிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. உரக்கடைகளில் கிடைக்கும் வேர்த்தூளில் இருப்பது பெரும்பாலும் இதே இனத்தைச் சேர்ந்த இண்டோல் பியூட்டிரிக் அமிலம்.

ஆக்சின் மேலிருந்து கீழ்நோக்கி இறங்குவதால், கிளையைத் தலைகீழாக நடலாகாது. இலையில்லாத குச்சியில் எது மேல், எது கீழ் என்ற ஐயம் எழும். அதற்காகவே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேற்பக்கத்தை நேராகவும் வெட்டுவது வழக்கம்.

கிளையை எடுத்தலும் நடுதலும்

நேரம் காலை, வெயில் ஏறுமுன். அப்போதுதான் தண்டில் ஈரம் நிறைந்திருக்கும். வாடிய செடியிலிருந்தும் பூச்சி அண்டிய செடியிலிருந்தும் கிளை எடுக்க வேண்டாம். நல்ல கூரிய கத்தி அல்லது கத்தரி வேண்டும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும். நசுங்கிய இடம் அழுகும். கத்தியைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்துக்கொள்வது நலம்.

கிளையின் நீளம் ஆறு முதல் எட்டு அங்குலம். பருமன் ஏறக்குறைய ஒரு பென்சில் அளவு. அதில் மூன்று நான்கு கணுக்கள் இருக்க வேண்டும். அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். வளைத்தால் ஒடியாமல், துவளாமல், வில்போல் நிற்கும் கிளையே பெரும்பாலான பூச்செடிகளுக்கு ஏற்ற பருவத்தது.

மண்ணைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் உரம் வேண்டவே வேண்டாம். வேரே இல்லாத கிளைக்கு உரம் பயன்படாது. மட்காத எரு அழுகலைத்தான் கொண்டுவரும். கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு கலந்தால் போதும். நார்த்தூளை முதலில் நன்கு நீரில் அலசிப் பிழிந்துகொள்ள வேண்டும். தொட்டியின் அடியில் துளை இருப்பது இன்றியமையாதது. தயிர் வாங்கிய பிளாஸ்டிக் கிண்ணங்களின் அடியில் துளையிட்டும் பயன்படுத்தலாம்.

குச்சியை மண்ணில் அழுத்திச் செருகலாகாது, பட்டை உரிந்துவிடும். முதலில் வேறொரு குச்சியால் துளையிட்டு, அதில் கிளையை இரண்டு கணுக்கள் மறையும்படி வைத்து, சுற்றிலும் விரலால் மண்ணை அணைத்து அழுத்த வேண்டும். ஒருமுறை நன்றாக நீர் ஊற்றி வடியவிட்டு, அதன்பின் மண் ஈரப்பதமாக இருக்குமளவுக்கே நீர் தர வேண்டும். பிழிந்த துணியின் ஈரம் என்பது நல்ல அளவு. வாடுதல் நீர்க்குறையைக் காட்டும். அடித்தண்டு கறுத்து மென்மையாதல் மிகுநீரைக் காட்டும்.

வேர்த்தூள் கட்டாயமன்று. துளசி, மரு போன்றவற்றுக்குத் தேவையே இல்லை. மல்லி, ரோஜா போன்றவற்றுக்குச் சிறிது உதவும். ஈரமான அடிமுனையைத் தூளில் தொட்டு, மிகையானதைத் தட்டிவிட்டு நட வேண்டும். அதிகம் பூசினால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும். பொட்டலத்தைப் பேரக்குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, வேலை முடிந்ததும் கைகளைக் கழுவிவிட வேண்டும்.

பருவமும் முக்கியம். தமிழகத்தில் ஆடி முதல் கார்த்திகை வரை கிளை நட உகந்த காலம். ஐப்பசி அடைமழையில் தொட்டியை மழை நேரே படாத இடத்தில் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் இலையின் செலவு மிகுதி. மார்கழிக் குளிரில் வேர் வருவது மெதுவாகும்.

கோட்டுப்பூ

நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி, பன்னீர் ரோஜா ஆகியவை குச்சியிலிருந்து வருபவை. நந்தியாவட்டையையும் அரளியையும் வெட்டினால் பால் வடியும். கிளையின் அடியைச் சிறிது நேரம் நீரில் நிறுத்திப் பால் வடிவது நின்றபின் நட வேண்டும். அரளியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை உடையவை. வெட்டிய பின் கைகளையும் கத்தியையும் கழுவுவதோடு, அது ஊறிய நீரைக் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அணுகாதவாறு கொட்டிவிட வேண்டும். நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வேர் விட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அரளி நீரிலேயே வைத்தாலும் மூன்று நான்கு வாரங்களில் வெண்ணிற வேர் காட்டும்.

செம்பருத்தியில் நாட்டுச் சிவப்பு எளிதில் வரும். பலவண்ணக் கலப்பினங்கள் முரண்டு பிடிக்கும். ரோஜாவுக்குச் சற்று முற்றிய தண்டு ஏற்றது. கிராமங்களில் முருங்கைப் போத்தின் மேல்வெட்டில் சாண உருண்டை அப்புவதைப் பலர் பார்த்திருக்கக்கூடும். மேற்புறம் காய்ந்து போகாமல் காப்பதே அதன் நோக்கம். ரோஜாக் குச்சிக்கும் இதையே செய்யலாம்.

எல்லாக் கோட்டுப்பூவும் குச்சிக்கு வசப்படுவதில்லை. சரக்கொன்றையை விதையிட்டு வளர்ப்பதே வழக்கம். அதன் விதைத்தோல் கடினமானதால் சற்று உரசி, நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். பூவைக் காட்டிலும் இலைக்காக நாம் போற்றும் வில்வமும் குச்சியில் எளிதில் வேர் விடாது. பழத்திலிருந்து எடுத்த விதையை நாள் கடத்தாமல் விதைக்கலாம். அல்லது தாய்மரத்தின் வேரிலிருந்து தானே கிளம்பும் பக்கக் கன்றைச் சிறிது வேரோடு எடுத்து நடலாம்.

கொடிப்பூ

மல்லி, முல்லை, சாதிமல்லி ஆகியவற்றுக்குக் குச்சியும் உண்டு, பதியமும் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பகுதியில் மல்லி நாற்றுகளை உற்பத்தி செய்து பல ஊர்களுக்கும் அனுப்பும் தொழில் நெடுங்காலமாக நடைபெறுகிறது. வீட்டில் செய்வோருக்குப் பதியமே உறுதியான வழி. ஏன்? பதியத்தில் வரவு நிற்பதே இல்லை. வேர் வரும்வரை கிளை தாயோடு இணைந்தே இருக்கிறது. தாய்ச்செடி அதற்கு நீரூட்டிக்கொண்டே இருக்கிறது.

ஓராண்டு வயதுடைய, தரையைத் தொடுமளவு நீண்ட ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். அருகே மண் நிரப்பிய சிறு தொட்டியை வையுங்கள். கிளையின் நடுப்பகுதியில் ஒரு கணுவுக்குக் கீழே சிறிதாகக் கீறி, அப்பகுதியை இரண்டு அங்குல ஆழத்தில் மண்ணில் புதைத்து, நுனி வெளியே தெரியும்படி விட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு மாதங்களில் வேர் நன்கு பிடித்துவிடும். அதன்பின் தாய்ச்செடியின் பக்கம் வெட்டிப் பிரித்துவிடலாம்.

வெற்றிலைக்கும் இதே குணம். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடக் காத்திருக்கும் கொடி அது. மூன்று கணுக்களுள்ள துண்டை நிழலில் நட்டுப் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு ஊன்றினால் போதும்.

நிலப்பூ

துளசி, மரு, செவ்வந்தி முதலியன இவ்வகையின. நான்கு அங்குல நீளமுள்ள இளந்தளிர் நுனியே இவற்றுக்கு ஏற்றது. துளசியில் கதிர் வந்த தண்டைத் தவிர்த்து, கதிரில்லாத தண்டைத் தேர்ந்தெடுங்கள். கதிர் மட்டுமே இருந்தால் அதைக் கிள்ளிவிட்டுச் சில நாட்களில் வரும் புதுத்தளிரை எடுக்கலாம். துவாதசியன்றும் அந்தி சாய்ந்த பின்னும் துளசி பறிப்பதில்லை என்னும் மரபைப் பேணுவோர் அந்த நேரங்களைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக் குவளையில் இரண்டு அங்குலம் நீர் விட்டு, நீருக்குள் இலை மூழ்காதவாறு தண்டை நிறுத்துங்கள். ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களில் வேர் வரும். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றுவது இருவகையில் இன்றியமையாதது: நீர் நாற்றமெடுக்காது, டெங்குக் கொசு முட்டையிட்டுப் பெருகவும் இடமிராது. பெருமாள் கோயிலில் பெற்ற துளசிப் பிரசாதத்தில் வாடாத, கணுவுள்ள காம்பு இருந்தால் அதையும் இவ்வாறே வேர் விடச் செய்யலாம்.

வேர் ஓர் அங்குலம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். நீரில் வளர்ந்த வேர் எளிதில் ஒடியும். மண்ணில் வைத்த முதல் வாரம் நிழலும் ஈரமும் அதற்குத் தேவை.

செவ்வந்தி பூத்து ஓய்ந்தபின் தண்டை வெட்டிவிட்டால் அடியில் பக்கக் கன்றுகள் கிளம்பும். அவற்றைப் பிரித்து நடுவது மிக எளிது. சிவபெருமானுக்கு உகந்த தும்பைக்கோ விதையே வழி. ஒருமுறை வந்துவிட்டால் அது தானே விதை சிந்தி ஆண்டுதோறும் முளைத்துக்கொள்ளும்.

நீர்ப்பூ

தாமரைக்கும் அல்லிக்கும் கிழங்கே கிளையின் வேலையைச் செய்கிறது. தாமரைக் கிழங்கில் கணுவும் நுனிக்குருத்தும் சேர்ந்த துண்டு வேண்டும். குருத்து ஒடிந்தால் பயனில்லை. ஆகவே கைக்குழந்தையைப் போல் எடுத்துவர வேண்டும். துளையில்லாத அகன்ற தொட்டியில் களிமண் இட்டு, கிழங்கைப் படுக்கையாக வைத்து, குருத்து மேல்நோக்கி நிற்க விட்டு, மெல்ல நீர் நிரப்ப வேண்டும். இதற்கு நல்ல வெயில் தேவை என்பதால் மொட்டைமாடியே ஏற்ற இடம். கொசுப்புழுக்களைத் தின்னச் சில சிறு மீன்களை விட்டுவைக்கலாம். நீர் நிறைந்த தொட்டி பெருஞ்சுமை. மாடியின் வலிமையை அறிந்தவரிடம் கேட்ட பின்னரே வைக்க வேண்டும். இளையவர் துணையின்றி முதியோர் அதை நகர்த்த முற்படலாகாது.

துளிர் மட்டும் சான்றாகாது

நட்ட பத்தாம் நாள் குச்சியில் பச்சைத் துளிர் தலைகாட்டும். வீட்டிலுள்ளோர் அனைவரும் மகிழ்வர். உடனே தொட்டியை வெயிலுக்கு நகர்த்தி உரமும் இடுவர். இரண்டு நாட்களில் துளிர் கருகிவிடும். காரணம் இதுதான்: தண்டில் எஞ்சியிருக்கும் சேமிப்பைக் கொண்டே வேரில்லாத கிளையும் துளிர்க்கும். துளிர் என்பது செலவு. அது வரவுக்குச் சான்று ஆகாது.

ஒளி ஊடுருவும் கிண்ணத்தில் நட்டிருந்தால் பக்கவாட்டில் வேர் தெரியும். தொட்டியாயின் அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கும். அதற்குமுன் அறிய விரும்பினால், நான்கு வாரங்களுக்குப் பின் கிளையை இரு விரலால் மிக மெல்ல மேல்நோக்கி அசைத்துப் பார்க்கலாம். மண் பிடித்திழுப்பது போல் தோன்றினால் வேர் வந்துவிட்டது. நாள்தோறும் பிடுங்கிப் பார்ப்பது கூடாது. அரும்பும் வேர் நூலினும் மெல்லியது.

வேர் வந்தபின் மூடிய பையை ஒரே நாளில் எடுத்துவிட வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் எனத் திறந்து, ஒரு வாரத்தில் முழுவதும் நீக்கலாம். பிறகு செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்த பெரிய தொட்டிக்கு மாற்றி, காலை வெயிலுக்குப் பழக்கலாம். முதல் மொட்டுகளைக் கிள்ளிவிடச் சிலருக்கு மனம் வருவதில்லை. ஆயினும் கிள்ளினால் செடி வலுப்பெறும். அடுத்து வரும் பூவை ஆண்டவனுக்குச் சாத்தலாம்.

வீட்டை ஒப்படைக்குமுன்

நம் வயதினர் பலருக்கு இன்று ஒரு பொதுவான நிலைமை உள்ளது. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கின்றனர். ஊரிலிருக்கும் பழைய வீட்டைப் பராமரிக்க இயலவில்லை. அதை விற்கவோ, அடுக்குமாடி கட்டக் கொடுக்கவோ முடிவாகிறது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் தேடி எடுக்கிறோம். பூஜை அறைப் படங்களையும் விளக்குகளையும் பத்திரமாகக் கட்டுகிறோம். கிணற்றடியில் நிற்கும் பூச்செடி நினைவுக்கு வருவது லாரி வந்து நிற்கும் நாளில்தான். அன்று அதை வேரோடு பெயர்த்தால் பெரிய செடி பிழைப்பது அரிது. ஒரு கிளையை ஒடித்துக் கையில் கொண்டு போனாலும், அது ஒன்றே ஒன்று, பிழைத்தால் உண்டு.

ஆகவே, வீட்டைக் கொடுப்பதென்று முடிவான மாதமே கிளைகளை நட்டுவிடுங்கள். நந்தியாவட்டைக்கு இரண்டு மாதம், மல்லிப் பதியத்துக்கு நான்கு மாதம் தேவை என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஒன்று வேண்டுமாயின் ஐந்து நடுங்கள், இரண்டாவது தேறும். தேறியவற்றை ஒரே இடத்தில் வைக்காமல் ஒன்றை உறவினர் வீட்டிலும் ஒன்றைக் கோயிலிலும் வைக்கச் செய்யுங்கள். ஓரிடத்தில் பட்டுப்போனாலும் மற்றோரிடத்திலிருந்து மீண்டும் கிளை எடுத்துக்கொள்ளலாம்.

கும்பகோணத்தை அடுத்த எங்கள் பூர்விக வீடு 2011-இல் கைமாறியது. என் தாயார் நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் பூப்பறித்த அடுக்கு நந்தியாவட்டை நின்ற இடத்தில் இன்று கார் நிறுத்தும் கொட்டகை இருக்கிறது. ஆனால் அச்செடி இல்லாமற் போகவில்லை. என் தங்கை வீட்டு வாசலில் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் தென்புறச் சுற்றில் இருக்கிறது. நான் வசிக்கும் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், பதினான்கு அங்குலத் தொட்டியிலும் இருக்கிறது. பணிக்காலத்தில் ஒவ்வொரு முறை எனக்குக் கிளை மாற்றல் ஆணை வந்தபோதும், அச்செடியின் கிளையும் என்னோடு மாறி வந்திருக்கிறது. அம்மா இன்று இல்லை. அவர் பறித்துச் சாத்திய பூவின் உறவோ, மரபோ அன்று, அதே செடியின் பூவையே கார்த்திகை சோமவாரத்தில் என் மனைவி பறிக்கிறாள்.

தொலைவிலிருந்து கிளை கொண்டுவருவோர் அடிப்பகுதியை ஈரத்துணியால் சுற்றி, முழுவதையும் வாழைப்பட்டையிலோ பிளாஸ்டிக் பையிலோ பொதிந்து, வெயில் படாமல் எடுத்துவர வேண்டும். ஒரு நாள் பயணத்தை அது தாங்கும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குத் துளசியையோ கறிவேப்பிலையையோ பெட்டியில் மறைத்து அனுப்ப வேண்டாம். தாவர நோய்கள் பரவாதிருக்கப் பெரும்பாலான நாடுகள் உரிய சான்றிதழும் அனுமதியும் இல்லாத செடிகளைத் தடுத்துவிடுகின்றன. அந்நாட்டு நாற்றங்காலில் கிடைப்பதை வாங்கி வளர்ப்பதே முறை.

கோயில் நந்தவனத்திலிருந்து கிளை வேண்டுவோர் நிர்வாகத்தாரிடமோ அர்ச்சகரிடமோ கேட்டுப் பெற வேண்டும். கேளாமல் ஒடித்தல் தகாது. பெறுவதைக் காட்டிலும் தருவது சிறப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், இராமாநுஜரின் விருப்பப்படி திருமலையில் அனந்தாழ்வானும் தம் கையாலேயே நந்தவனம் அமைத்துத் தொண்டு செய்தவர்கள். இன்று எத்தனையோ சிற்றூர்க் கோயில்களில் நந்தவனம் என்ற பெயரில் வெற்றிடமே இருக்கிறது. வேர் பிடித்த நான்கு செடிகளையும், நீர் ஊற்ற ஒப்புக்கொண்ட ஒருவரையும் அங்கே கொண்டு சேர்த்தால் அதுவே தொடக்கமாகும். செடியை மட்டும் கொடுத்து நீர் ஊற்ற ஆளில்லாமல் விட்டால் பயனில்லை. ஆளை முதலில் தேடுங்கள்.

ஆடி பிறந்ததும் உங்கள் வீட்டில், உறவினர் வீட்டில் நெடுநாளாகப் பூக்கும் செடி எது என்று பாருங்கள். அதில் ஐந்து கிளைகள் எடுத்து, இலை குறைத்து, மணலில் நட்டு, நிழலில் வைத்து மூடுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் நட்ட நாளையும் செடியின் பெயரையும், அது யார் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் எழுதித் தொட்டியில் ஒட்டுங்கள். பேரன் பேத்தி அருகிலிருந்தால் நீர் தெளிக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். கார்த்திகைக்குள் வேர் பிடித்த செடி உங்கள் கையில் இருக்கும்.